உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டிய கணக்கு

வடபழனியில் என்னோடு மாலை நடைக்கு வரும் நண்பர்களிடையே இப்போது ஷேர் மார்க்கெட் பேச்சுதான். பிள்ளைகள் செல்போனில் டிமேட் கணக்கு திறந்து கொடுத்துவிட்டார்கள். "இந்த ஷேர் இன்னும் ஏறுமா சார்?" என்று கேட்காதவர் இல்லை. "அந்தக் கம்பெனிக்குக் கடன் எவ்வளவு?" என்று கேட்டவர் இதுவரை ஒருவரும் இல்லை. ஆகவே இரண்டு பழைய கதைகளை எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் ஷேருக்கு 'அக்சியோன்' என்று பெயர். கடன் பத்திரம் 'ஒப்ளிகாசியோன்', அதாவது கடப்பாடு. கடன் பத்திரம் வைத்திருப்பவருக்கு வட்டியும் அசலும் தருவது கம்பெனியின் கடமை. ஷேர் வைத்திருப்பவரோ பங்காளி. எல்லாக் கடனும் போக மிஞ்சியதில்தான் அவருக்குப் பாத்தியதை. பேலன்ஸ் ஷீட்டுக்கு 'பிலான்' என்பார்கள். ஒரு கம்பெனி திவாலாகிவிட்டால், 'பிலானைத் தாக்கல் செய்துவிட்டது' என்பது அங்கே வழக்கு. கணக்கைக் கோர்ட்டில் கொண்டுபோய் வைத்தாயிற்று, கதை முடிந்தது என்று பொருள்.

நம் சென்னையில் 1906-ல் நடந்தது அதுதான். பாரி, பின்னி, ஆர்பத்நாட் மூன்றும் அன்றைய மதராஸின் பெரிய வெள்ளைக்கார வியாபார நிறுவனங்கள். ஆர்பத்நாட் வியாபாரத்தோடு வங்கித் தொழிலும் செய்தது. விதவைகள், உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள், சிறு சேமிப்புக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அங்கே பணம் போட்டிருந்தார்கள். அதன் முதல்வர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட். அந்தப் பெயரே போதும் என்ற நம்பிக்கை. அது ஷேர் வெளியிட்ட பொதுக் கம்பெனி அல்ல, சில பேர் சேர்ந்த கூட்டு வியாபாரம். வரவு செலவை ஊருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

அக்டோபர் 20 அன்று லண்டனில் அதன் கூட்டாளி மக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். 22-ஆம் தேதி மதராஸில் ஆர்பத்நாட் கதவை மூடியது. அதன் பிறகே கணக்குப் புத்தகங்கள் கோர்ட்டுக்கு வந்தன. பணம் போட்டவர்கள் உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டபோது, உள்ளே ஒன்றும் பெரிதாக இல்லை. சர் ஜார்ஜுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்கள் பக்கம் நின்ற வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயன்றதில், 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது.

பிற்பாடு சட்டங்கள் வந்தன. 1913-லும் 1956-லும் கம்பெனிச் சட்டங்கள், 1992-ல் செபிக்குச் சட்ட அதிகாரம், 2013-ல் புதிய கம்பெனிச் சட்டம். எல்லாவற்றின் சாரமும் ஒன்றுதான்: ஊர்ப் பணத்தை வாங்குகிறவன், உயிரோடு இருக்கும்போதே ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

காட்டினால் போதுமா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இரண்டாவது கதை, ஐதராபாத் சத்யம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய், அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்குதான் அது. அன்று ஒரே நாளில் ஷேர் விலை முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது.

சாதாரணப் பங்குதாரர் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் புகை முன்பே தெரிந்தது. 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தாரின் மேடாஸ் நிறுவனங்கள் இரண்டைச் சத்யம் பணத்தில் வாங்கப்போவதாக அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பவே உடனே கைவிட்டார்கள். கம்பெனியை நடத்துகிறவர் தன் சொந்தக்காரரோடு செய்யும் இத்தகைய கொடுக்கல் வாங்கல்தான் ஆண்டறிக்கையில் 'தொடர்புடையவர் பரிவர்த்தனை' என்று வருகிறது. ராஜு தரப்பு தங்கள் ஷேர்களை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்த விஷயமும் பிறகு வெளிவந்தது. கம்பெனியை நிறுவி நடத்துகிற 'புரமோட்டர்' தன் ஷேரை அடகு வைத்தால் அதை வெளியிட வேண்டும் என்று செபி கட்டாயம் ஆக்கியது அந்த ஜனவரியில்தான்.

நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். ஃபைலின் மேலட்டையில் விஷயம் இராது, குறிப்புப் பக்கத்தில்தான் இருக்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். கம்பெனி அறிக்கையும் அப்படியே. முதல் பக்கங்களில் வண்ணப் படமும் தலைவர் உரையும் இருக்கும். விஷயம் பின்னால்.

முதலில் ஆடிட்டர் அறிக்கை. நிபந்தனை போட்டுக் கையெழுத்திட்டிருந்தால் அங்கேயே நின்று படியுங்கள். ஆடிட்டர் பாதியில் விலகினால் காரணத்தைத் தேடுங்கள். இரண்டாவது, பணப்புழக்க அறிக்கை. சரக்கு விற்ற பில் லாபத்தில் ஏறிவிடும், பணம் கைக்கு வந்ததா என்பதை இதுதான் சொல்லும். வருஷா வருஷம் லாபம், ஆனால் பணம் வரவில்லை என்றால் யோசிக்க வேண்டும். மூன்றாவது, பங்குதாரர் பட்டியல். காலாண்டு முடிந்த 21 நாளில் வெளியாகும். புரமோட்டர் பங்கு குறைகிறதா, எவ்வளவு அடகில் இருக்கிறது என்று அதில் பாருங்கள்.

'முகமதிப்பு' 10 ரூபாய், விலை 900 என்றால் மிரள வேண்டாம். முகமதிப்பு என்பது ஏட்டில் எழுதிய மூலதன அலகு, அவ்வளவே. விலையை ஒரு ஷேருக்கான ஆண்டு லாபத்தோடு ஒப்பிடுங்கள். லாபம் 30 என்றால், இன்றைய லாபத்தைப் போல் 30 மடங்கு கொடுத்து வாங்குகிறீர்கள்.

இவை எல்லாம் மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை இரண்டின் வலைத்தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆர்பத்நாட்டில் பணம் போட்ட நம் முன்னோர்க்கு இந்தக் காகிதங்கள் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைக்கின்றன. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்துவிட்டு வாங்குங்கள்.