நூற்றுக்கு மூன்று ரூபாய்

தேவிபட்டினத்திலிருந்து தொண்டி போகிற கடற்கரைச் சாலையில் உப்பூர் இருக்கிறது. வெயிலுகந்த விநாயகர் குடிகொண்ட ஊர். சுற்றுவட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினால் அடுத்த விதைப்புக்குக் கடன்தான். சரி, இந்த மாதிரி கிராமத்துக்கு யார் கடன் கொடுத்தார்கள்?

1951-ல் இதே கேள்வியை நாடு முழுக்கக் கேட்கக் கிளம்பியது நம்ம ரிசர்வ் வங்கி. குழுவுக்குத் தலைவர் ஏ.டி.கோர்வாலா, முன்னாள் ஐ.சி.எஸ். அதிகாரி. பொருளாதார மேதை டி.ஆர்.காட்கில் ஓர் உறுப்பினர். 75 மாவட்டங்கள், 600 கிராமங்கள், 1,27,343 குடும்பங்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

அறிக்கை 1954-ல் வெளிவந்தது. விவசாயி வாங்கிய ஒவ்வொரு 100 ரூபாய்க் கடனிலும் சுமார் 70 ரூபாய் வட்டிக்காரர்கள் கொடுத்தது. கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3 ரூபாய் சொச்சம். அரசாங்கமும் அதே அளவுதான். வணிக வங்கிகளோ ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? கூட்டுறவுச் சட்டம் வந்தது 1904-ல். அரை நூற்றாண்டாக மேடைக்கு மேடை புகழப்பட்ட இயக்கம் அது. ரிசர்வ் வங்கியிலும் 1935-ல் தொடங்கியபோதே விவசாயக் கடனுக்கென்று தனி இலாகா வைத்திருந்தார்கள். ஆக, தன் மார்க் ஷீட்டிலும் சேர்த்தே ஃபெயில் போட்டுக்கொண்டது வங்கி.

அதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார்கள். கடன் போதிய அளவு இல்லை, ஏற்ற வகையில் இல்லை, உரிய காரியத்துக்குப் போகவில்லை, பல நேரம் உரிய ஆளிடமும் போய்ச் சேரவில்லை. கூட்டுறவு தோற்றுப்போனது, ஆனாலும் அது ஜெயித்தே ஆகவேண்டும். சாராம்சம் இவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் பையனுக்கும் புரியும்.

புரிந்ததால் காரியமும் நடந்தது. இம்பீரியல் பேங்க் 1955 ஜூலை 1-ல் ஸ்டேட் பேங்க் ஆனது. ஐந்தே வருஷத்தில் 400 புதுக் கிளைகள் திறக்கவேண்டும் என்று அதற்குக் கட்டளை. அதனால் வட்டிக்காரர்கள் காணாமல் போய்விடவில்லை. ஆனால், நோய் எங்கே என்று தெரிந்த பிறகுதானே வைத்தியம் தொடங்க முடியும்?

அமெரிக்க மத்திய வங்கி, தன் 12 மண்டலங்களிலும் வியாபாரிகளிடமும் தொழிலதிபர்களிடமும் விசாரித்து எளிய நடையில் 'பெய்ஜ் புக்' போடுகிறது, வருஷத்துக்கு எட்டு தடவை. 1970-ல் தொடங்கியபோது அது உள் சுற்றுக்கு மட்டும்தான். ஜனங்கள் கைக்கு வந்தது 1983-ல். நம் ஆட்கள் 1954-லேயே கசப்பான உண்மையை அச்சடித்து ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த முறை பேப்பரில் ரிசர்வ் வங்கி அறிக்கை என்று பார்த்தால், பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒன்று மட்டும் தேடுங்கள். எழுதியவர்களுக்கே சங்கடம் தருகிற ஒரு புள்ளிவிவரமாவது அதில் இருக்கிறதா? இருந்தால் மிச்சத்தையும் நம்பிப் படிக்கலாம்.