பாய்மரப் படகுப் பந்தயம்: பாதுகாப்பு விதிகளும் முதலுதவியும்

பாய்மரப் படகுப் பந்தயங்கள், பன்னாட்டு அமைப்பான வேர்ல்டு செயிலிங் வெளியிடும் விதிகளின்படி நடத்தப்படுகின்றன. ஆபத்தில் இருப்போருக்கு இயன்ற உதவி அனைத்தையும் செய்ய வேண்டும் என்பதே அவற்றுள் முதல் விதியாகும். உதவச் சென்று பின்தங்கிய படகு, நடுவர் குழுவிடம் நிவாரணம் கோரலாம். பந்தயத்தில் தொடர்வதா, விலகுவதா என்னும் முடிவு படகில் இருப்போரின் பொறுப்பாகும்.

பந்தயத்திற்கு முன்
• உடல் எடைக்குப் பொருத்தமான லைஃப் ஜாக்கெட்டை இறுக்கமாக அணிய வேண்டும். குளிரைத் தாங்க அணியும் வெட்சூட் அதற்கு மாற்றாகாது.
• வலிப்பு நோய் அல்லது இதய நோய் உள்ளோர், இன்சுலின் செலுத்திக்கொள்வோர், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே பங்கேற்க வேண்டும்.

தலையில் அடிபட்டால்
படகு திரும்பும்போது, பாயின் அடியில் உள்ள பூம் என்னும் கம்பு வேகமாகச் சுழன்று தலையில் மோதக்கூடும். அடிபட்டவர் அன்று மீண்டும் போட்டியிடக் கூடாது. குறைந்தது 24 மணி நேரம் ஒருவர் உடனிருந்து கவனிக்க வேண்டும். பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்:
• அதிகரிக்கும் தலைவலி
• தொடர் வாந்தி
• குழப்பம், மிகுந்த தூக்கக் கலக்கம்
• வலிப்பு
இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர், அறிகுறி இல்லாவிடினும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நீரில் மூழ்கியவருக்கு
வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயலக் கூடாது. மூச்சு இல்லையெனில் முதலில் வாய்வழியாகச் செயற்கைச் சுவாசம் அளிக்கவும். பின்னர் 30 முறை மார்பை அழுத்துதல், 2 முறை சுவாசம் அளித்தல் என உதவி வரும்வரை தொடரவும். மூச்சு திரும்பியவருக்கும் சில மணி நேரத்தில் நுரையீரல் பாதிப்பு தீவிரமாகக்கூடும். ஆகவே, இருமலோ மூச்சுத்திணறலோ இல்லாவிடினும் மருத்துவமனைக் கண்காணிப்பு அவசியம்.

அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கவும்.