அடுப்பேறா உணவும் காந்தியடிகளின் குறிப்பேடும்

1893-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22-ஆம் நாள் காலை. தென்னாப்பிரிக்காவிலுள்ள பிரிட்டோரியா நகரத்தில் இருபத்து மூன்று வயது நிரம்பிய இளம் வழக்கறிஞர் ஒருவர் காலை உணவுக்கு அமர்ந்தார். அவர் முன்னே இருந்தவை: முதல்நாள் இரவே நீரில் ஊறவைத்த கோதுமை இரண்டு மேசைக் கரண்டி, பட்டாணி ஒரு கரண்டி, அரிசி ஒரு கரண்டி, உலர்ந்த திராட்சை இரண்டு கரண்டி, சிறு கொட்டைகள் ஏறக்குறைய இருபது, ஆரஞ்சுப் பழம் இரண்டு. இவற்றோடு ஒரு கோப்பைக் கோக்கோவும் உண்டு. மென்று முடிக்க நாற்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. காலையில் உற்சாகமாக இருந்ததாகவும், மாலையில் சோர்வும் இலேசான தலைவலியும் வந்ததாகவும் அவர் அன்றே தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

அந்த இளைஞர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. சமைக்காத உணவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் பெருமையையே எழுதுவர். உண்டதையும் பட்டதையும் நாள்தோறும் பதிந்து, தோற்றபோது தோற்றதென்று அச்சிலும் ஏற்றியவர் மிகச் சிலரே. தீயில்லா உணவுக்கு நடுவே கோக்கோ எப்படி நுழைந்தது என்று கேட்கத் தோன்றும். அதைக்கூட அவர் மறைக்கவில்லை என்பதுதான் அக்குறிப்பேட்டின் மதிப்பு.

இச்சோதனைக்கு வித்திட்டவர் இலண்டன் சைவ உணவுச் சங்கத்தின் தலைவர் ஆர்னால்டு ஹில்ஸ். தேம்ஸ் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் பெருந்தொழிற்சாலை ஒன்றின் உரிமையாளர் அவர். கனியும் கொட்டையும் தானியமும் பருப்பும் கதிரவனிடமிருந்து பெற்ற ஓர் உயிராற்றலைத் தம்முள் வைத்திருக்கின்றன. அடுப்பில் ஏற்றினால் அவ்வாற்றல் அழிந்துபோகிறது. ஆகவே அவற்றைப் பச்சையாகவே உண்ணல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 'உயிர் உணவு' என்று அதற்குப் பெயருமிட்டார். இலண்டனில் சட்டம் பயின்ற நாளில் அச்சங்கத்தின் செயற்குழுவில் இருந்தவர் காந்தியார். சமையற்காரர் தயவு வேண்டாம், செலவு குறையும், எவ்வூருக்குச் சென்றாலும் உணவைப் பையிலிட்டுக் கொண்டு போகலாம் என்ற எண்ணங்களும் அவரை ஈர்த்தன.

ஆனால் குறிப்பேடு செப்டம்பர் முதல் நாளோடு நின்றுவிடுகிறது. பசி அடங்கவில்லை, உடல் தளர்ந்தது, பல்லும் வலி கண்டது. பத்து நாளைக்குச் சற்று மிகையாக நடந்த அச்சோதனையின் முழு விவரமும் 1894-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் இலண்டன் 'வெஜிடேரியன்' இதழில் வெளிவந்தது. அக்கட்டுரையில் ஓரிடம் ஊன்றி நோக்கத்தக்கது. உயிர் உணவுக்குப் பெரிய எதிர்காலம் இருக்கலாம், ஆயினும் அழியும் இவ்வுடம்பை அது அழியாததாக்கிவிடாது என்னும் கருத்தை அவ்வயதிலேயே அவர் எழுதிவிட்டார். இளமையை நிறுத்தி வைக்கும் என்ற ஆசையே இவ்வுணவின்பால் மக்களை இழுத்துவருவது. அந்த ஆசையைத் தொடக்கத்திலேயே விலக்கி வைத்தவர், ஆனால் உணவையோ விட்டாரில்லை.

1912-ஆம் ஆண்டில், ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே தமிழ்க் குடும்பங்கள் பல தங்கியிருந்த டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் காலன்பாக்குடன் பாலைத் துறந்து கனியுணவை மேற்கொண்டார். பச்சை வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஒலிவ எண்ணெய் ஆகியவையே அன்றாட உணவு. 1914-இல் இலண்டனில் நெஞ்சுக்கூட்டு அழற்சியால் படுத்தபோது, டாக்டர் அல்லின்சன் என்பார் பீட்ரூட், முள்ளங்கி, வெங்காயம் முதலியவற்றைச் சமைக்காமல் துருவி உண்ணச் சொன்னார். அது நோயாளியின் உடலுக்கு ஒத்துவரவில்லை. 1918-இல் கடுமையான வயிற்றுக்கடுப்பு கண்டு சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டபின் ஆட்டுப்பாலை ஏற்றார். இவையெல்லாம் 'சத்திய சோதனை' படித்தோர் அறிந்தவையே.

பெருஞ்சோதனை நடந்தது 1929-இல். அவ்வாண்டு ஆந்திர நாட்டுச் சுற்றுப்பயணத்தில் ராஜமகேந்திரவரத்துச் சுந்தரம் கோபாலராவ் என்னும் இயற்கை உணவு அன்பரைச் சந்தித்ததும் பழைய ஆவல் கிளர்ந்தெழுந்தது. மே மாதத்தில் தொடங்கினார். ஆசிரமத் தோழர்களும் சேர்ந்துகொண்டனர். ஜூன் மாத 'யங் இந்தியா' இதழில் ஒரு நாள் உணவின் அளவை அவரே வெளியிட்டார். முளைகட்டிய கோதுமை 8 தோலா, விழுதாக அரைத்த வாதுமை 8 தோலா, இடித்த பச்சைக்கீரை 8 தோலா, எலுமிச்சம்பழம் 6, தேன் 2 அவுன்சு. இதை இரு கூறாக்கி முற்பகல் 11 மணிக்கும் மாலை 6.15-க்கும் உண்டார். எலுமிச்சையும் தேனும் கலந்து பருகிய வெந்நீர் ஒன்றே நெருப்பைக் கண்டது.

எட்டுத் தோலா என்பது ஏறக்குறைய 93 கிராம். இன்றைய உணவு அட்டவணைகளைக் கொண்டு இவ்வளவுகளைக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு ஆயிரம் கலோரி அளவில் வருகிறது. கோதுமையை ஊறுமுன் நிறுத்ததாகக் கொண்டாலும் ஆயிரத்து இருநூறைத் தாண்டாது. அதிலும் பாதி வாதுமையிலிருந்தே கிடைக்கிறது. அசையாமல் படுத்துக் கிடந்தாலும், மூச்சு விடவும் குருதி ஓடவும் உடற்சூடு நிலைக்கவும் மெல்லிய உடலினர் ஒருவருக்கே ஏறத்தாழ அவ்வளவு வேண்டும். ஐம்பத்தொன்பது வயதில் நாள்தோறும் நடந்தும் நூற்றும் எழுதியும் உழைத்தவர்க்கு அது எவ்வாறு போதும்? உடம்பு தன் இருப்பைக் கரைத்தே எஞ்சியதை ஈடுசெய்திருக்க வேண்டும்.

தட்டில் இருப்பதெல்லாம் உடலில் சேருவதுமில்லை. பச்சைத் தானியத்தின் மாவுச்சத்து இறுகிய மணிகளாக அடைபட்டிருக்கிறது. நீரும் வெப்பமும் சேரும்போதுதான் அம்மணிகள் உப்பி நெகிழ்ந்து செரிமான நீர்களுக்கு வழிவிடுகின்றன. முட்டையின் புரதத்தைப் பற்றிப் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட முடிவு இதனை எண்ணால் காட்டுகிறது: வேகவைத்த முட்டையில் நூற்றுக்கு 91 பங்கு புரதம் செரித்தது, பச்சை முட்டையில் 51 பங்கே செரித்தது. ஹில்ஸ் அழிவு என்று கண்ட இடத்தில் உடல் ஆதாயம் கண்டிருக்கிறது. சமையலே மனித இனத்தின் குடலைச் சிறிதாக்கி மூளையைப் பெரிதாக்கியது என்று பிரிட்டிஷ் மானிடவியலறிஞர் ரிச்சர்டு ராங்ஹாம் 2009-இல் ஒரு நூலே எழுதினார். அக்கொள்கையை முழுதும் ஏற்காதாரும் உளர். ஆயினும் சமைத்த உணவு மிகுதியான ஆற்றலைத் தருகிறது என்ற அடிப்படையில் ஐயத்திற்கு இடமில்லை.

சூடு பட்டால் உயிர்ச்சத்தெல்லாம் போய்விடும் என்ற வாதம் காந்தியார் காலத்திலும் பெரிதாகப் பேசப்பட்டது. கீரையைக் கொதிக்கவைத்து நீரைக் கொட்டினால் 'சி' உயிர்ச்சத்தின் பெரும்பகுதி போகும் என்பது மெய்யே. ஆனால் அவ்வாதத்தை அப்படியே நீட்ட முடியாது என்பதற்கு மலாய் நாட்டிலேயே ஒரு சான்று எழுந்தது. நம்மவர் பலர் அறியாத செய்தி இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் கால் மரத்து இதயம் தளரும் நோய் இந்நாட்டில் பல உயிர்களை வாங்கிற்று. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிராடன், ஆலையில் தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே அந்நோய் மலிந்திருப்பதையும், புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அது அரிதாயிருப்பதையும் கண்டு 1907-இல் ஒரு நூலாக வெளியிட்டார். 1905-இலும் 1906-இலும் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறார்க்கு வெள்ளரிசியும் மற்றக் கூறார்க்குப் புழுங்கலரிசியும் அளித்துப் பார்த்தார். வெள்ளரிசி உண்டோரிடையே நோய் பரவிப் பலர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோர்க்குப் புதிதாக நோய் தோன்றவில்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள 'பி1' உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. இதன் காரணம் பின்னாளில்தான் விளங்கிற்று. தோட்டத்து லயத்தில் கஞ்சி காய்ச்சிய தாய்மார் அதனை அறிந்திருக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளைக் காத்ததில் நெருப்புக்கும் ஒரு பங்கு உண்டு.

சபர்மதிச் சோதனைக்குச் சற்று முன்னர், நீலகிரியிலுள்ள குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் எலிகளுக்கு இந்திய இனத்தார் பலரின் உணவுகளை அளித்துச் சோதித்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடையுற்றன. அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை 155 கிராம் அளவிலேயே நின்றன. தமிழர்க்கு இனிக்கும் முடிவன்று இது. பச்சைக் காய்கறி அவ்வெற்றியில் இடம்பெற்றிருப்பது உண்மை. ஆயின் அது தனித்து நில்லாமல் பாலோடும் சுட்ட சப்பாத்தியோடும் சேர்ந்து வந்தது.

இனி, எடை குறைவதே இளமை திரும்புவதன் அடையாளம் என்று கொள்ளலாமா? ஜெர்மனியில் கீசன் பல்கலைக்கழகத்தார், பல்லாண்டு பச்சை உணவு உண்ட 216 ஆடவரையும் 297 பெண்டிரையும் ஆராய்ந்து 1999-இல் முடிவை வெளியிட்டனர். ஆடவர் சராசரி 9.9 கிலோவும் பெண்டிர் 12 கிலோவும் எடை இழந்திருந்தனர். உடல் பருத்தவர்க்கு இது நற்செய்தியாகவே தோன்றும். ஆனால் அப்பெண்டிரில் நான்கில் ஒருவர் இருக்கவேண்டிய எடைக்குக் கீழே போயிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்டிரில் நூற்றுக்கு முப்பதின்மர் அளவில் மாதவிலக்கு ஒழுங்கு குலைந்தோ, அறவே நின்றோ இருந்தது. வருவாய் சுருங்கிய குடும்பம் முதலில் எதை நிறுத்தும்? உடம்பும் அவ்வாறே சிக்கனம் பிடிக்கிறது. கருவைத் தாங்கும் ஏற்பாட்டை ஒத்திவைக்கிறது. 2005-இல் அமெரிக்காவில் இத்தகைய உணவினர் பதினெண்மரை ஆராய்ந்தபோது இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பின் செறிவு குறைந்திருக்கக் கண்டனர். முதுமையில் அஞ்சத்தக்கது எலும்பு முறிவு என்பதை முதியோர் உள்ள வீட்டார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

வயது ஏற ஏற உடலின் வளர்சிதை மாற்றம் தளர்ந்துவிடுகிறது, பச்சை உணவு அதனை முடுக்கிவிடும் என்று சொல்வோரும் உண்டு. 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டோரிடம் அளந்து, 2021-இல் வெளியான பேராய்வு அதன் முற்பகுதியையே அசைத்துவிட்டது. உடலளவைக் கணக்கிற்கொண்டு பார்த்தால், இருபது வயது தொடங்கி அறுபது வரை உடல் செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அறுபதுக்குப் பின்னரே ஆண்டுக்கு நூற்றுக்கு 0.7 பங்கு வீதம் குறைகிறது. நாற்பதில் வயிறு பெருத்தமைக்கு வளர்சிதை மாற்றத்தைக் குறை கூறியவர் இனி வேறு காரணம் தேடவேண்டும்.

உணவைக் குறைத்து ஆயுளை நீட்டலாம் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே என்பார் 1935-இல் வெளியிட்ட ஆய்வில், உணவைக் குறைத்து வளர்ச்சியைத் தாமதப்படுத்திய எலிகள் நெடுநாள் வாழ்ந்தன. அவற்றுக்குக் குறைத்தது கலோரியை. உயிர்ச்சத்துகளும் தாதுக்களும் குறைவற அளிக்கப்பட்டன. சமைத்ததா, பச்சையா என்ற வினா அங்கே எழவேயில்லை. எலிக்கு நேர்ந்தது மனிதர்க்கும் நேரும் என்று அதைக்கொண்டு சொல்லிவிடவும் முடியாது.

சபர்மதிக்குத் திரும்புவோம். 1929-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காந்தியடிகளை மீண்டும் வயிற்றுக்கடுப்பு பற்றியது. மூன்று மாத அளவில் நடந்த சோதனை நின்றது. ஆட்டுப்பால் திரும்ப வந்தது. நோயைக் கண்டு நிறுத்தினார் என்று நண்பர் வாய்வழிச் செய்தி பரவும்வரை அவர் காத்திருக்கவில்லை. தொடக்கத்தைப் பறைசாற்றிய அதே இதழில் முடிவையும் எழுதினார். அவரைப் பின்பற்றித் தத்தம் வீட்டில் இவ்வுணவைத் தொடங்கிவிட்ட வாசகர்க்கு அவ்வெழுத்து எவ்வளவு இன்றியமையாதது என்பதை நினைத்துப் பார்க்கலாம். தலைவர் ஒருவர் தொடங்கியதை நாடு பார்த்துச் செய்யும். அவர் ஓசையின்றி விட்டதை நாடு அறியாது. தம் சொற்படி பட்டினியில் மெலிவோர்க்குத் தாமே பொறுப்பு என்று அவர் உணர்ந்திருந்தார்.

1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபோது 'உடல்நலத்தின் திறவுகோல்' என்னும் சிறு நூலை எழுதினார். உட்கார்ந்து பணியாற்றுவோர்க்கென ஒரு நாள் உணவை அதில் அளவோடு குறித்தார்: பசும்பால் 2 இராத்தல், தானியம் 6 அவுன்சு, கீரை 3 அவுன்சு, மற்றக் காய்கள் 5 அவுன்சு, நெய் ஒன்றரை அவுன்சு அல்லது வெண்ணெய் 2 அவுன்சு, வெல்லமோ சர்க்கரையோ ஒன்றரை அவுன்சு. ஏறக்குறைய ஐம்பதாண்டுச் சோதனைக்குப் பின் அப்பட்டியலில் சமைக்காத காய்கறிக்கு அவர் ஒதுக்கிய அளவு 1 அவுன்சு.