எம்.பி.3 பிறந்த கதை

முன்னேஸ்வரத்துத் திருவிழாவில் நாதஸ்வரத்தோடு தவில் முழங்குவதை இறுவட்டுத் தரத்தில் பதிந்தால், ஒரு நிமிட இசைக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் வேண்டும். ஒலியை ஒரு நொடிக்கு 44,100 தடவை அளந்து எழுதிவைப்பதால் வரும் அளவு அது. அதையே 128 கிலோபிட் எம்.பி.3 ஆக மாற்றினால் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

இந்த வித்தை ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தது. தொலைபேசிக் கம்பி வழியே இசையை அனுப்ப வேண்டும் என்பது பேராசிரியர் டீட்டர் சைட்சரின் ஆசை. நடக்காத காரியம் என்று காப்புரிமை விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அவருடைய மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் 1980களில் அந்த வேலையை ஏற்றார். வழி மனிதக் காதிலேயே இருந்தது. உரத்த ஒலி, தனக்குப் பக்கத்துச் சுருதியில் எழும் மெல்லிய ஒலியை மறைத்துவிடும். காதுக்கு எட்டாததைக் கழித்துவிட்டால் கோப்பு சுருங்கும்.

தனிக்குரல்தான் பெரிய சோதனையானது. பாடகி சூசன் வேகா பக்கவாத்தியமே இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' முதலில் சிதைந்தே ஒலித்தது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார் பிராண்டன்பர்க். சட்டென்று வெடிக்கும் தாள ஒலிகள் இன்னொரு சிக்கல். அடி விழுவதற்கு முன்பே அதன் இரைச்சல் கசிந்துவிடும். அத்தகைய இடங்களில் ஒரு நீண்ட துண்டுக்குப் பதிலாக மூன்று குறுந்துண்டுகளாக ஒலியை அலசுவது தீர்வானது. வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் பொழியும் தவில் சொற்கள் இந்த வகைதான். சுருக்கம் கூடினால் முதலில் மழுங்குவது அவற்றின் கூர்மை.

1992இல் இந்தச் சுருக்கமுறையை உள்ளடக்கிய எம்பெக் தரநிலை முடிவானது. 1995 ஜூலை 14இல் கோப்பின் வால்பெயராக எம்.பி.3 என்பதை எர்லாங்கனின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவன ஆய்வாளர்கள் தேர்ந்தார்கள். 1998இல் கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்ற கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் 32 மெகாபைட்டில் அரைமணி நேரப் பாட்டு பிடித்தது. 2001இல் ஐபாட் 5 ஜிகாபைட்டோடு வந்தது.

கழித்த ஒலி திரும்பி வராது. எம்.பி.3ஐ மறுபடி இறுவட்டில் ஏற்றினால் கோப்புதான் பெருக்கும். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை இன்று பழைய ஒலிப்பதிவுகளில்தான் கேட்கிறோம். அப்படியான நாடாவைக் கணினிக்கு மாற்றுகிறவர்கள் ஒலி எதையும் கழிக்காத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக ஒரு மூலப்பிரதியைக் கட்டாயம் பத்திரப்படுத்த வேண்டும். சட்டைப்பையில் கொண்டுதிரிய அதிலிருந்து 256 கிலோபிட்டில் ஒரு எம்.பி.3 எடுத்துக்கொள்ளலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம்.