நடந்தும் இளைக்காத பாட்டியும் இலண்டன் பெரியவரின் மடலும்



அன்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நலக்கல்விப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 'நாள்தோறும் உடற்பயிற்சி செய்தால் உடல் எடை குறையும்' என்று வெண்பலகையில் எழுதினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, எங்க பாட்டி தினமும் காலையில ஒரு மணி நேரம் நடக்கிறாங்க. ஆனா இளைக்கவே இல்லையே, ஏன் ஐயா?"

நான் சற்றும் எண்ணிப் பாராமல், "பாட்டி யாருக்கும் தெரியாம முறுக்கு சாப்பிடுறாங்க போல!" என்று கூறிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அந்த மாணவி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அமர்ந்துவிட்டாள்.

அந்தப் பாட்டியை நான் அறிவேன். இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். அறுபத்தைந்து வயதைக் கடந்த பின்னும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தே வருபவர். அவரைத் திருட்டுத் தீனி தின்பவர் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அன்று மாலை முழுவதும் இக்கேள்வி என்னை உறுத்தியது. விடை தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடலில் கிடைத்தது நூற்றறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு வரலாறு. அதனைத் தங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

இலண்டன் பெரியவர்

19ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வில்லியம் பேண்டிங் என்பவர் வாழ்ந்தார். ஈமச்சடங்குகளை ஏற்பாடு செய்து தருவது அவர்தம் குடும்பத் தொழில். அரச குடும்பத்தாரின் இறுதிச் சடங்குகளையே ஏற்று நடத்திய பெயர்பெற்ற நிறுவனம் அது. ஐம்பது ஆண்டுகள் அத்தொழிலில் ஓடியாடி உழைத்து ஓய்வு பெற்றவர் பேண்டிங்.

1862ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருக்கு வயது அறுபதுகளின் நடுப்பகுதி. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். எடை 202 பவுண்டு. அஃதாவது ஏறத்தாழ 92 கிலோகிராம். குனிந்து தம் காலணிக் கயிற்றைக் கட்ட அவரால் இயலவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது முழங்கால் வலிக்கு அஞ்சிப் பின்பக்கமாகத் திரும்பி மெல்ல மெல்ல இறங்குவாராம்.

இவர் சோம்பேறியா? இல்லவே இல்லை. உடலும் உள்ளமும் தம்மைப் போல் சுறுசுறுப்பாக இயங்கியவர் சிலரே என்று அவரே எழுதியிருக்கிறார். பெருந்தீனி தின்றவரும் அல்லர். உடல் பருக்கத் தொடங்கிய காலத்திலேயே மருத்துவ நண்பர் ஒருவர் உடற்பயிற்சி செய்யுமாறு அவருக்கு அறிவுரை கூறினார். பேண்டிங் அதனைத் தட்டவில்லை. நாள்தோறும் விடியற்காலையில் கனமான படகு ஒன்றை இரண்டு மணி நேரம் துடுப்பு வலித்துச் செலுத்தினார். தசைகள் உரம் பெற்றன. ஆனால் அவ்வுரத்தோடு அடங்காப் பசியும் சேர்ந்து வந்தது. பசித்த வயிறு உணவு கேட்டது, உண்டார், எடை ஏறியது. 'பயிற்சியை விட்டுவிடுங்கள்' என்று அதே நண்பர் பின்னர் கூற நேர்ந்தது!

அதன் பின்னும் அவர் ஓயவில்லை. கடல்நீராடினார். குதிரையேற்றம் செய்தார். ஊற்று நீர் தேடிச் சென்று அருந்தினார். நீராவிக் குளியல் பல எடுத்தார். மருந்துகளையும் குடித்துப் பார்த்தார். எதுவும் நிலைத்த பயன் தரவில்லை. வயது ஏற ஏற உடல் பருப்பது இயற்கையே என்று சொல்லிக் கைவிரித்த மருத்துவரும் உண்டு.

காது மருத்துவர் கண்ட வழி

எடையோடு அவருக்குச் செவித்திறனும் குறைந்து வந்தது. அதற்காக வில்லியம் ஹார்வி என்னும் காது மருத்துவரை நாடினார். குருதியோட்டத்தைக் கண்டறிந்த பழைய ஹார்வி வேறு, இவர் வேறு. இந்த ஹார்வி பாரிசு நகரில் கிளாடு பெர்னார்டு என்னும் உடலியல் அறிஞரின் விரிவுரைகளைக் கேட்டுத் திரும்பியவர். கல்லீரலுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர் பெர்னார்டு. சிக்கல் பேண்டிங்கின் காதில் இல்லை, அவர்தம் உணவுத் தட்டில்தான் இருக்கிறது என்று ஹார்வி எண்ணினார்.

அதுநாள்வரை பேண்டிங் உண்டவை எவை? ரொட்டி, வெண்ணெய், நிறையப் பாலும் சர்க்கரையும் கலந்த தேநீர், உருளைக்கிழங்கு, இனிப்புப் பணியாரம், பீர். இவற்றை விலக்குமாறு ஹார்வி கூறினார். மாறாக இறைச்சி, மீன், உருளைக்கிழங்கு தவிர்த்த காய்கறி, சிறிது பழம், பாலும் சர்க்கரையும் சேராத தேநீர், மிகச் சிறிய அளவில் வாட்டிய ரொட்டி என வரையறுத்தார். (அக்கால ஆங்கிலேயர் வழக்கப்படி அப்பட்டியலில் திராட்சை மதுவும் இருந்தது. அதனை நாம் பின்பற்ற வேண்டியதில்லை!)

ஏறத்தாழ ஓராண்டில் 46 பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 21 கிலோகிராம் குறைந்தது. இடுப்பளவு 12 அங்குலத்திற்கு மேல் சுருங்கியது. படியில் முன்பக்கமாகவே இறங்கினார். செவித்திறனும் மேம்பட்டதாக மகிழ்ந்தார்.

1863இல் தம் பட்டறிவைப் 'பருமன் குறித்துப் பொதுமக்களுக்கு ஒரு மடல்' எனச் சிறு நூலாக அச்சிட்டு முதலில் விலையின்றியே வழங்கினார். மருத்துவர் அல்லாதவர் இப்படி எழுதலாமா என்று மருத்துவ இதழ்கள் சினந்தன. மக்களோ விரும்பிப் படித்தனர். 'பேண்ட்' என்பது உணவைக் கட்டுப்படுத்தி எடை குறைத்தலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. சுவீடிய மொழியில் 'பாண்டா' என்ற வினை இன்றும் அதே பொருளில் வழங்குகிறது. ஒரு மனிதரின் பெயர் வினைச்சொல்லாக மாறிய விந்தையை மொழியாசிரியர்கள் வகுப்பில் சொல்லி மகிழலாம்.

பேண்டிங் 1878ஆம் ஆண்டு, 81ஆம் வயதில் மறைந்தார்.

அம்மடலில் என்னைச் சுட்ட பகுதி ஒன்று உண்டு. பொது இடங்களிலும் வண்டிகளிலும் தெருவிலும் பருத்தவர்கள் கேட்க நேரும் ஏளனச் சொற்களைப் பற்றி அவர் வருந்தி எழுதியுள்ளார். அச்சொற்களுக்கு அஞ்சியே கூட்டமுள்ள இடங்களைத் தவிர்க்கலானார். அதைப் படித்தபோது என் வகுப்பின் சிரிப்பொலி என் காதில் விழுந்தது.

நடந்தால் போதாதா?

பேண்டிங்கின் படகு ஏன் அவரை இளைக்க வைக்கவில்லை? அவர் காலத்தில் இதற்குக் கணக்கு இல்லை. 1890களில் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்னும் அறிஞர், ஓர் ஆளை அடைத்த சிற்றறைக்குள் நாள்கணக்கில் இருக்கச் செய்து, அவர் உண்ணும் உணவின் ஆற்றலையும் உடல் செலவிடும் ஆற்றலையும் அளந்தார். நாம் இன்று உணவுப் பொட்டலங்களில் காணும் கலோரிக் கணக்கிற்கு அடித்தளம் இட்டவர்களுள் அவர் முதன்மையானவர்.

அக்கணக்கை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு மணி நேர நடை, உடல் எடைக்கும் வேகத்திற்கும் ஏற்ப, ஏறத்தாழ 200 முதல் 300 கிலோகலோரி வரை செலவிடும். ஒரு ரொட்டி சானாயில் ஏறத்தாழ 300 கிலோகலோரி உள்ளது. நடை முடிந்து நண்பர்களோடு ஒட்டுக்கடையில் அமர்ந்து ஒரு ரொட்டியும் ஒரு குவளை தே தாரிக்கும் எடுத்தால், நடந்த கணக்கு நேராகிவிடும், மிஞ்சியும் போகும். இதில் திருட்டு ஏதும் இல்லை. பேண்டிங்கிற்கு வந்த அதே பசிதான்!

1956இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இங்கு நினைக்கத்தக்கது. ஜீன் மேயரும் அவர்தம் குழுவினரும் மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் பணிபுரிந்தோரை ஆராய்ந்தனர். கடும் உழைப்பாளிகள் வேலைக்கு ஏற்ப மிகுதியாக உண்டனர். ஆதலால் அவர்கள் எடை ஒரே அளவில் நின்றது. உட்கார்ந்தே வேலை பார்த்தவர்களோ உழைப்புக் குறைந்ததற்கேற்ப உணவைக் குறைக்கவில்லை; மாறாக மிகுதியாகவே உண்டனர், பருத்தும் இருந்தனர். உழைப்பு பசியை வளர்க்கிறது. ஓய்வோ பசியைக் குறைப்பதில்லை. தோட்டத்தில் மலையேறி இறங்கிப் பால்மரம் வெட்டியவர் ஓய்ந்து தாமானில் குடியேறிய பின்னும், சோற்றுத் தட்டு பழைய அளவிலேயே இருந்துவிடுவதன் காரணம் எனக்கு அப்போது விளங்கியது.

முதுமைக்கே உரிய காரணமும் ஒன்று உண்டு. 2021இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரின் ஆற்றல் செலவைக் கணக்கிட்ட ஆய்வு அது. உடல் அளவைக் கருத்தில் கொண்டு பார்த்தால், 20 முதல் 60 வயது வரை அச்செலவு பெரிதும் மாறுவதில்லை. 60க்குப் பிறகே ஆண்டுக்கு ஏறத்தாழ 0.7 விழுக்காடு வீதம் குறைந்து வருகிறது. தசையும் வயதோடு தேய்கிறது. ஆகவே நாற்பதுகளில் நிற்கும் என் போன்றோர் வயதின் மேல் பழி போட முடியாது. அறுபதைத் தாண்டியவர்களோ உண்மையாகவே கடினமான கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் நடை வீணா?

இக்கேள்விக்கு விடை தந்தவை இலண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்துகள். ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் அப்பேருந்துப் பணியாளர்களை ஆராய்ந்து 1953இல் தம் முடிவை வெளியிட்டார். ஓட்டுநர்கள் நாள் முழுவதும் அமர்ந்திருந்தனர். நடத்துநர்களோ சீட்டுக் கொடுப்பதற்காக நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கினர். மாரடைப்பு நடத்துநர்களிடம் குறைவாகக் காணப்பட்டது.

ஓட்டுநர்கள் பருத்திருந்ததுதான் காரணமோ என்ற ஐயம் எழுந்தது. மோரிஸ் என்ன செய்தார் தெரியுமா? பணியாளர்களுக்குத் தைக்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்! 1956இல் வெளிவந்த அவ்வாய்வின்படி ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதுதான். ஆயினும் ஒல்லியானவர், நடுத்தரமானவர், பருத்தவர் என எந்தப் பிரிவை எடுத்தாலும் ஓட்டுநரைவிட நடத்துநருக்கே திடீர் மாரடைப்பு இறப்பு குறைவாக இருந்தது. அஃதாவது, படியேறிய பயன் பருத்த நடத்துநருக்கும் கிட்டியிருக்கிறது. மோரிஸ் தாமும் உடற்பயிற்சியை விடாது மேற்கொண்டு 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

எனவே பேண்டிங்கின் மடலையும் மோரிஸின் பேருந்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு உணவுக்கு. இதயத்தையும் தசையையும் நடையையும் காப்பதில் பெரும்பங்கு இயக்கத்திற்கு. ஒன்றின் வேலையை மற்றதிடம் கேட்டு ஏமாந்து, 'நடந்து என்ன பயன்?' என்று பெரியவர்கள் நடையை நிறுத்திவிட்டால் அதுவே பேரிழப்பு.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்வேன். வீட்டுப் பெரியவர்களைத் திடீரெனப் பட்டினி போட வைக்காதீர்கள். முதுமையில் விரைந்து இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தடுமாறி விழும் இடர் கூடும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவை மாற்றக் கூடாது. பேண்டிங்கும் மருத்துவர் துணையோடுதான் மாற்றினார். தேநீரில் சர்க்கரையைக் குறைப்பது, சோற்றைக் குறைத்து மீன், பருப்பு, காய்கறியைக் கூட்டுவது போன்ற சிறு மாற்றங்களிலிருந்து தொடங்கலாம். நடையோடு, வாரம் இரண்டு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியையும் உலகச் சுகாதார நிறுவனம் முதியோர்க்குப் பரிந்துரைக்கிறது. நாற்காலியில் அமர்ந்து எழுந்து பழகுவதும் அவ்வகைப் பயிற்சியே.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. பருமன் சோம்பலின் அடையாளம் என்று நம் வாயால் சொல்லிவிட்டால், பிள்ளைகள் அதனை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். அங்கே அவர்கள் விரும்பும் யாரோ ஒருவர் பருத்தவராய் இருக்கிறார்.

அடுத்த நலக்கல்விப் பாடத்தில் அதே வகுப்பில், "போன வாரம் நான் பாட்டியைப் பற்றிச் சொன்னது தவறு" என்று முதலில் கூறினேன். பிறகு படகு வலித்த இலண்டன் பெரியவரின் கதையையும் பேருந்து நடத்துநர்களின் கதையையும் சொன்னேன். பழைய வரியை மாற்றி, 'உடற்பயிற்சி உடலுக்கு வலிமை தரும். அளவான நல்லுணவு எடையைக் காக்கும்' என்று வெண்பலகையில் எழுதினேன். பாடம் முடிந்ததும் அந்த மாணவி என் மேசையருகே வந்தாள்.

"ஐயா, அப்ப பாட்டிய நடக்கச் சொல்லலாம்தானே?"

"கண்டிப்பா நடக்கச் சொல்லும்மா. முடிஞ்சா நீயும் கூட நட" என்றேன்.