ஷத்ரஞ்சும் அதன் எல்லைகளும்

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தேறியது. இன்று குறிஞ்சிப்பாடியிலும் நம் பிள்ளைகள் பலகைமுன் அமர்ந்து காய் நகர்த்தக் கற்கின்றனர். இவ்வாட்டம் மார்க்கத்தில் ஆகுமானதா என வினவும் பெற்றோர்க்கு விடை கூறுமுன், அதன் வரலாற்றையும் விதிகளையும் சுருங்கக் காண்போம்.

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையே சதுரங்கம். இந்தியாவில் தோன்றிய இவ்வாட்டம் பாரசீகத்தில் 'சத்ரங்' ஆயிற்று; அரபியர் நாவில் சகரம் ஷீனாகவும் ககரம் ஜீமாகவும் மாற, 'ஷத்ரஞ்' எனத் திரிந்தது. 9ஆம் நூற்றாண்டில் அல்அத்லீ இதுபற்றி நூல் யாத்தார். பக்தாதில் கலீஃபா அல்முக்தஃபீயின் (902–908) அவையில், அரசவை ஆட்டக்காரர் அல்மாவர்தீயை அபூபக்ர் அஸ்ஸூலீ வென்றார்.

அக்கால விதிகள் எளியவை. பலகையில் 64 கட்டங்கள். காலாள் ஒவ்வொரு கட்டமாக முன்செல்வான், குறுக்கே வெட்டுவான். யானை மூலைவழியே இரண்டாம் கட்டத்திற்குத் தாவும். இன்றைய அரசியின் இடத்தில் நின்ற 'ஃபிர்ஸான்' என்னும் அமைச்சர் மூலைவழியே ஒரு கட்டமே நகர்வார். அக்காய் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலேதான் இன்றைய வலிமை பெற்றது. தேர், குதிரை ஆகியவற்றின் நடை இன்றளவும் மாறவில்லை.

'ஷாஹ் மாத்' என்பதற்கு அரபுச் சொல்லைக் கொண்டு 'அரசன் மாண்டான்' எனப் பொருளுரைப்போர் உளர். பாரசீகத்திலோ 'மாத்' என்பது திகைத்துச் செயலற்று நிற்றல். ஆட்டவிதியும் இதற்கே சான்று: அரசன் வெட்டப்படுவதில்லை, போக்கிடமின்றி நிற்கிறான்.

இனிச் சட்டம். தாயக்கட்டையை நம்பியாடும் 'நர்து' ஆட்டத்தை நபிமொழி கண்டிக்கிறது. ஷத்ரஞ்சோ சிந்தனையை நம்பியது என்று ஷாஃபிஈ அறிஞர்கள் வேறுபடுத்திக் காட்டினர். அம்மத்ஹபில் அது மக்ரூஹ், ஹராம் அன்று. தாபிஈன்களில் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர், பலகைக்குப் புறங்காட்டி அமர்ந்தே ஆடியதாகவும் அவர்கள் அறிவிக்கின்றனர். ஆயினும் பந்தயப் பணம் வைத்தாலோ, தொழுகை தவறினாலோ, தீமொழி கலந்தாலோ அது ஹராமாகிவிடும். ஏனைய மத்ஹபுகளின் அறிஞர் பெரும்பாலோர் ஆட்டத்தையே தடுத்துள்ளனர். அவற்றைப் பின்பற்றுவோர் தத்தம் இமாம்களின் தீர்ப்பைப் பேணுவதே முறை.

ஆகவே, இதனை அனுமதிக்கும் பெற்றோர் பலகைமீதுள்ள விதிகளோடு, பலகைக்குப் புறத்தேயுள்ள இம்மூன்று விதிகளையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். வெற்றி நெருங்கிய வேளையிலும் பாங்கொலி கேட்டதும் காயைக் கீழே வைத்து எழுகின்ற பிள்ளையே இவ்வாட்டத்தை முழுமையாகக் கற்ற பிள்ளை என்போம்.