நந்தன் கேட்ட உத்தரவு

திரேஸ்புரம் தோழர்களே, மாணவர்களே!

சேக்கிழாரின் நந்தன் கதையில் தீ உண்டு, ஆண்டை இல்லை. வேதியரை ஆண்டையாக்கியது, 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய இசைநாடகமான 'நந்தனார் சரித்திரம்'. அதைத் தழுவிய படங்களில் 1935இல் கே.பி.சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகப் பாடினார்கள். பாட்டோடு இரண்டு பாடங்களும் பரவின: சிதம்பரம் போக ஆண்டையின் உத்தரவு வேண்டும், கோயிலுக்குள் நுழையத் தீயில் இறங்க வேண்டும்.

அதே 1935இல் அமெரிக்காவில், உங்களைப்போல் கடலை நம்பி வாழும் கறுப்பின மக்களைப் பற்றி வெள்ளையர் படைத்த 'போர்கி அண்ட் பெஸ்' இசைநாடகம் அரங்கேறியது. 1959இல் அது படமானபோது கறுப்பினத்தவரிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. பிறகு உரிமையாளர் குடும்பமே படத்தை முடக்கியது.

நந்தனாரை முடக்க வேண்டியதில்லை. நந்தனை அரசன் என்று எழுதிய அயோத்திதாசப் பண்டிதரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உத்தரவு கேட்கும் நந்தன் பிறர் எழுதிய நந்தன் என்பது விளங்கும்.